பெண்களின் சிறுநீர்க் கசிவும் கைபேசிச் செயலிகளும்: பயனர் யார் என்னும் கேள்வி

1. ஆய்வுப் பொருள்

இருமும்போதும் தும்மும்போதும் தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போதும் சிறுநீர் சொட்டினால் அது அழுத்தக் கசிவு. கழிப்பறையை எட்டுவதற்குள் அடக்க முடியாமல் போய்விட்டால் அது அவசரக் கசிவு. இரண்டும் ஒருவருக்கே இருந்தால் கலப்புக் கசிவு. மூன்றுக்கும் மருத்துவர்கள் முதலில் சொல்வது பயிற்சியும் பழக்கமாற்றமும்தான். மாத்திரையும் அறுவையும் அதற்குப் பிறகே வருகின்றன. இடுப்புத்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்த வேண்டும், சிறுநீர்ப்பையைச் சிறிது சிறிதாகக் காத்திருக்கப் பழக்க வேண்டும், காபி தேநீரின் அளவைப் பார்க்க வேண்டும், எடையைக் குறைக்க வேண்டும். இவற்றை வீட்டிலேயே செய்யலாம். சொல்லிக்கொடுக்கவும் நினைவூட்டவும் ஒருவர் இருந்தால் போதும். அந்த ஒருவரின் இடத்தில் கைபேசிச் செயலியை வைத்துப் பார்க்கும் முயற்சிகள் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஸ்வீடன், நெதர்லாந்து, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் நடந்துள்ளன.

இச்செயலிகளை எந்தப் பெண்கள் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டால் வழக்கமாகக் கிடைக்கும் பதில்: நடுத்தர வயதினர், படித்தவர்கள், வசதியுள்ளவர்கள். பதில் பொய்யில்லை. அதற்குச் சொல்லப்படும் காரணத்தில்தான் எனக்கு ஐயம். வயதானவர்களுக்குத் தொழில்நுட்பம் வராது, படிக்காதவர்களுக்கு ஆர்வமில்லை என்று பெண்களின் இயல்பிலேயே காரணத்தைத் தேடுவது எளிது. செயலி எந்த வகைக் கசிவை எடுத்துக்கொண்டது, எந்த வாசல் வழியாகப் பெண்களை உள்ளே விட்டது, யாரைப் பயனர் என்று எண்ணியது ஆகிய மூன்று முடிவுகளும் பெண்கள் எடுத்தவையல்ல. பயனரின் வயதையும் இனத்தையும் கல்வியையும் இம்முடிவுகள் பெருமளவு முன்கூட்டியே தீர்மானித்துவிடுகின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2. தேவை யாருக்கு

பயன்பாட்டை அளக்கும் முன் தேவையை அளக்க வேண்டும். அதற்கு இன்றும் கைகொடுப்பது நார்வேயின் நூர் த்ரொண்டெலாக் மாவட்டத்தில் 1995 முதல் 1997 வரை நடந்த எபின்காண்ட் ஆய்வு. 20 வயதுக்கு மேற்பட்ட 27,936 பெண்கள் பதிலளித்த அந்தக் கணக்கெடுப்பில் நான்கில் ஒருவருக்குக் கசிவு இருந்தது. அவர்களில் ஏறத்தாழ 50 விழுக்காட்டினருக்கு அழுத்தக் கசிவு, 36 விழுக்காட்டினருக்குக் கலப்பு, 11 விழுக்காட்டினருக்கு அவசரக் கசிவு. வயதுக்கோடு நேராக ஏறவில்லை. ஐம்பதை ஒட்டி ஒரு மேடு கட்டுகிறது. பிறகு சற்றே சமனாகி, எழுபதுக்கு மேல் மீண்டும் ஏறுகிறது.

மேட்டின் உயரத்தைவிட உள்ளடக்கம்தான் நமக்கு முக்கியம். பிள்ளை பெற்ற வயதிலும் அதற்கு அடுத்த ஆண்டுகளிலும் மேலோங்குவது அழுத்தக் கசிவு. வயது ஏற ஏற அவசரமும் கலப்பும் கூடுகின்றன. ஐம்பதில் கசியும் பெண்ணையும் எழுபத்தைந்தில் கசியும் பெண்ணையும் ஒரே நோயாளியாகக் கருத முடியாது. ஒருத்திக்கு வேண்டியது தசைப் பயிற்சி. மற்றவளுக்கு அதோடு சிறுநீர்ப்பைப் பழக்கமும் வேண்டும். மூட்டுவலியால் கழிப்பறைக்கு நடக்கும் நேரம் கூடியிருக்கலாம். இரத்த அழுத்தத்துக்குத் தின்னும் நீர்போக்கி மாத்திரையும் கணக்கில் சேரும்.

அதே நார்வே தரவிலிருந்து இன்னொரு செய்தி: கசிவுள்ளவர்களில் மருத்துவரிடம் அதைப் பற்றிப் பேசியிருந்தோர் 26 விழுக்காடு மட்டுமே. வயது கூடியவர்களும் கசிவு கடுமையானவர்களும் அதனால் வாழ்க்கை முடங்கியவர்களுமே அதிகம் பேசியிருந்தார்கள். மருத்துவம் இலவசத்துக்கு அருகில் இருக்கும் நாட்டில் நிலை இது. எஞ்சிய முக்கால் பங்கினரை எட்டத்தான் செயலி வந்தது என்று அதை உருவாக்கியவர்கள் பலரும் ஏதோ ஒரு வகையில் சொல்லியிருக்கிறார்கள்.

3. செயலி செய்யும் வேலை

இதை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்க மகளிர்நோய் மருத்துவர் ஆர்னால்ட் கேகல் 1948இல் எழுதிய பயிற்சிதான் எல்லாவற்றுக்கும் அடித்தளம். 2018இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வின்படி, அழுத்தக் கசிவுக்குப் பயிற்சி செய்தவர்களில் 56 விழுக்காட்டினர் குணமானதாகக் கூறினர். செய்யாத குழுவில் 6 விழுக்காட்டினர். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு குறைந்தது மூன்று மாதப் பயிற்சியை, நாளொன்றுக்கு மூன்று முறை, முறைக்கு எட்டு இறுக்கங்கள் வீதம் பரிந்துரைக்கிறது. செயலி அந்த எண்ணிக்கையைத் திரையில் காட்டும், மணியடித்து நினைவூட்டும், செய்ததைக் குறித்துவைக்கும். பிரிட்டனில் மைரா ராப்சன் என்ற இயன்முறை மருத்துவர் உருவாக்கிய ஸ்க்வீஸி செயலியும் ஸ்வீடனின் தேட் செயலியும் இவ்வகையின் முன்னோடிகள்.

4. வயது: ஒரே பல்கலைக்கழகம், இரண்டு பயனர் கூட்டங்கள்

ஸ்வீடனின் வடக்கே உள்ள உமேயோ பல்கலைக்கழகத்தில் ஏவா சாமுவெல்சன் தலைமையிலான பொதுமருத்துவக் குழு செய்த வேலை, நம் கேள்விக்குத் தற்செயலாக அமைந்த ஒரு சோதனை. அழுத்தக் கசிவுக்காக அவர்கள் உருவாக்கிய தேட் செயலியைச் சோதித்த முடிவுகள் 2017இல் இனா ஆஸ்க்லுண்டை முதலாசிரியராகக் கொண்டு வெளிவந்தன. இணையம் வழியே சேர்ந்த 123 பெண்கள் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பாதிக்கு உடனே செயலி, மறு பாதிக்கு மூன்று மாதம் கழித்து. உடனே பெற்றவர்களின் கசிவு தெளிவாகக் குறைந்தது. சேர்ந்தவர்களின் சராசரி வயது 44.7.

பிறகு அதே குழு அவசரக் கசிவுக்கும் கலப்புக் கசிவுக்கும் இரண்டாவது செயலியைச் செய்தது. அதில் தசைப் பயிற்சியோடு சிறுநீர்ப்பைப் பயிற்சியும் மனநிலை சார்ந்த பாடங்களும் சேர்ந்தன. 2021இல் வெளியான அந்தச் சோதனையிலும் சேர்ந்தவர்கள் 123 பேரே. எண் ஒத்துப்போனது தற்செயல். சராசரி வயது 58.3.

நாடு அதே, குழு அதே, கைபேசி வேண்டும் என்ற நிபந்தனை அதே, பெண்கள் தாமே முன்வந்து சேரும் முறையும் ஏறத்தாழ அதே. சராசரி வயது மட்டும் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஏறிவிட்டது. இடையில் சில ஆண்டுகள் கடந்ததால் ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடமும் கைபேசி பரவியிருக்கும், அது உண்மை. ஆயினும் மாற்றத்தின் பெரும்பங்கு எடுத்துக்கொண்ட நோயிலிருந்து வந்தது என்றே கொள்கிறேன். முதல் சோதனையை மட்டும் படித்த ஒருவர் சிறுநீர்ச் செயலிகள் நாற்பதுகளின் பெண்களுக்கானவை என்று எழுதியிருப்பார். எழுதியும் இருக்கிறார்கள். நாற்பதுகளின் கசிவுக்குச் செய்த செயலி நாற்பதுகளில் உள்ளவர்களை ஈர்த்தது என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. அவசரக் கசிவுள்ள அறுபது வயதுப் பெண் அந்தச் செயலியைப் பதிவிறக்காமல் விட்டிருந்தால் அவள் சரியாகத்தான் நடந்துகொண்டாள்.

நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழக மருத்துவ மையம் செய்த யூரின்கன்ட்ரோல் ஆய்வு இதற்கு இடைப்பட்டது. அழுத்தம், அவசரம், கலப்பு மூன்றையும் ஒரே செயலிக்குள் கொண்டுவந்து, 262 பெண்களைக் கொண்டு, குடும்ப மருத்துவரின் வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட்டார்கள். நான்கு மாதத்தில் செயலி அதற்குக் குறைந்ததாக இல்லை. சராசரி வயது ஐம்பதைச் சற்றே கடந்தது. ஸ்வீடனின் இரண்டு எண்களுக்கும் நடுவே அது விழுவதில் வியப்பில்லை.

எழுபதுக்கு மேற்பட்டவர்கள் இந்தச் சோதனைகள் எதிலும் பெருந்தொகையாக இல்லை. அங்கேதான் கருவியின் இல்லாமையும் பழக்கமின்மையும் உண்மையாகவே குறுக்கே நிற்கின்றன. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2021இல் எடுத்த கணக்கில் 18 முதல் 29 வயதினரில் 96 விழுக்காட்டினரிடம் ஸ்மார்ட்போன் இருந்தது. 65ஐக் கடந்தவர்களில் 61 விழுக்காட்டினரிடம். கசிவு மீண்டும் ஏறும் வயதில் கைபேசி இறங்குகிறது. இதை மறுப்பதற்கில்லை. ஆனால் பத்தில் ஆறு பேரிடம் கைபேசி இருக்கும் வயதில் செயலிப் பயனர் அரிதாக இருந்தால், மீதிக் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

5. இனம்: கசிவின் வகையே வேறுபடும்போது

அமெரிக்காவில் இதே கேள்வி வயதைவிட இனத்தைச் சுற்றியே கேட்கப்படுகிறது. செயலி ஆய்வுகளில் வெள்ளையினப் பெண்கள் மிகுதி, கறுப்பினப் பெண்கள் குறைவு என்பது பலமுறை சுட்டப்பட்ட குறை. அதற்கு முன்னால் வைத்துப் பார்க்க வேண்டிய ஆய்வு ஒன்று உண்டு. மிச்சிகன் மாநிலத்தின் தென்கிழக்கில் 35 முதல் 64 வயது வரையுள்ள 2,814 பெண்களிடம் டீ ஃபென்னரும் அவருடைய சகாக்களும் நடத்தி 2008இல் வெளியிட்டது அது. வெள்ளையினப் பெண்களில் 33.1 விழுக்காட்டினருக்குக் கசிவு இருந்தது. கறுப்பினப் பெண்களில் 14.6 விழுக்காட்டினருக்கு. கசிவுள்ளவர்களுக்குள் வெறும் அழுத்தக் கசிவு வெள்ளையினத்தில் 39.2 விழுக்காடு, கறுப்பினத்தில் 25. வெறும் அவசரக் கசிவு வெள்ளையினத்தில் 11, கறுப்பினத்தில் 23.8.

இந்த எண்களை வைத்துக்கொண்டு கற்பனையாக ஒரு கணக்குப் போடலாம். இனத்தால் எந்தப் பாகுபாடும் இல்லாத, எல்லார் கையிலும் ஒரே கைபேசி உள்ள ஒரு நகரம். அங்கே அழுத்தக் கசிவுக்கு மட்டும் ஒரு செயலி வருகிறது. தேவையுள்ள எல்லாரும் அதை எடுத்துக்கொள்கிறார்கள். நூறு வெள்ளையினப் பெண்களில் ஏறத்தாழ 13 பேர் பயனராவார்கள். நூறு கறுப்பினப் பெண்களில் 4 பேர் கூட முழுதாகத் தேற மாட்டார்கள். மூன்று மடங்குக்கு மேல் வேறுபாடு. அதே நகரில் அவசரக் கசிவுக்கு மட்டும் செயலி வந்தால் இரு தரப்பிலும் நூற்றுக்கு மூன்றரை பேர் அளவில் வேறுபாடே மறைந்துவிடும்.

உண்மையான அமெரிக்காவில் ஏற்றத்தாழ்வு இல்லை என்று நிறுவுவதற்காக இதைச் சொல்லவில்லை. அங்கே காப்பீடும் மருத்துவர் மீதான நம்பிக்கையும் இனத்துக்கு இனம் வேறுபடுவது உலகறிந்தது. நோயின் வகையால் வரும் வேறுபாட்டைக் கழித்த பிறகு எஞ்சுவதைத்தான் அநீதி என்று எண்ண வேண்டும். கழிக்காமல் எண்ணினால் அழுத்தக் கசிவுச் செயலிகளில் அநீதி உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும்; அவசரக் கசிவுச் செயலிகளில் உள்ளதும் தெரியாமல் போகும். இரண்டாவதுதான் ஆபத்து. அங்கே பயனர் விகிதம் இரு இனத்திலும் சமமாக வந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஆட்களைச் சேர்க்கும் இடம் மாறினால் படமும் மாறும் என்பதற்கு அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறையின் மைஹெல்த்இப்ளாடர் திட்டம் சான்று. அலேன் மார்க்லண்ட் குழுவினர் தென்கிழக்கு மாநிலங்களில் 286 பெண் முன்னாள் படைவீரர்களைச் சேர்த்தனர். ஒரு குழுவுக்குக் கைபேசியில் இயங்கும் எட்டு வாரப் பயிற்சி, மறு குழுவுக்கு வீடியோ வழி மருத்துவ ஆலோசனை. இரண்டும் பயன் தந்தன. சேர்ந்தவர்களில் கணிசமானோர் கறுப்பினப் பெண்கள். படையில் அவர்கள் பெருமளவில் பணியாற்றியிருந்தார்கள். மருத்துவப் பதிவேட்டில் இருந்தார்கள். சிகிச்சைக்குப் பெரும்பாலும் காசு கேட்காத ஓர் அமைப்பு அவர்களை நேரே அழைத்தது. தனியே தொழில்நுட்ப ஆர்வம் எதையும் ஊட்ட வேண்டியிருக்கவில்லை.

6. கல்வியும் வருமானமும்

ஸ்வீடன் சோதனைகளில் பல்கலைக்கழகம் சென்றவர்கள் மக்கள்தொகை விகிதத்தைவிட மிகுதி. ஆய்வாளர்களே அதைக் குறையாக ஒப்புக்கொண்டுள்ளனர். இணையத்தில் நோயைத் தேடி, ஆய்வு அறிவிப்பைக் கண்டு, வினாப்பட்டியலை முடித்து, மின்னஞ்சலில் ஒப்புதல் தருபவர்கள் யாராக இருப்பார்கள் என்று யூகிப்பது கடினமில்லை.

வருமானத்தில் ஒரு திருப்பம் உண்டு. ஏழைகளிடம் ஸ்மார்ட்போன் குறைவு என்பது மேலோட்டமான உண்மை. பியூவின் அதே 2021 கணக்கில் ஆண்டு வருமானம் 30,000 டாலருக்குக் கீழுள்ளவர்களில் 76 விழுக்காட்டினரிடம் அது இருந்தது. ஆனால் இனவாரியாகப் பார்த்தால், வீட்டில் பிராட்பேண்ட் இல்லாமல் கைபேசியையே ஒரே இணையமாகக் கொண்டவர்கள் வெள்ளையினத்தில் 12 விழுக்காடு, கறுப்பினத்தில் 17, ஹிஸ்பானியரில் 25. கணினி இணையதளமாக வரும் சிகிச்சையைவிடக் கைபேசிச் செயலியாக வரும் சிகிச்சை இவர்களுக்கு நெருக்கமானது. செயலியை வசதிபடைத்தவர்களின் சாதனம் என்று ஒரேயடியாக ஒதுக்குபவர்கள் இந்த எண்களைப் பார்ப்பதில்லை.

7. வாசல்கள்

இலவசமாக இறக்கிக்கொள்ளும் செயலிக்கும் மருத்துவர் எழுதிக்கொடுத்தால்தான் கிடைக்கும் செயலிக்கும் பயனர்கள் ஒருபோதும் ஒரே கூட்டமாக இருக்க மாட்டார்கள். ஜெர்மனி 2019இன் இறுதியில் நிறைவேற்றிய சட்டத்தின்படி அங்கீகாரம் பெற்ற செயலிகளை மருத்துவர் பரிந்துரைக்கலாம், செலவை நோய்க் காப்பீடு ஏற்கும். பணத்தடை நீங்கியது. மருத்துவரிடம் வாய் திறக்க வேண்டும் என்ற தடை அப்படியே நிற்கிறது. அமெரிக்காவின் லேவா கருவி உடலுக்குள் வைக்கும் உணரியையும் செயலியையும் இணைத்தது. அதுவும் மருத்துவப் பரிந்துரை வழியே வருவது.

நார்வேயின் 26 விழுக்காட்டை இங்கே நினைவுகொள்ள வேண்டும். மருத்துவரிடம் பேசுபவர்கள் வயது கூடியவர்கள், கசிவு கடுமையானவர்கள். எனவே பரிந்துரை வாசல் முதியவர்கள் பக்கம் சாயும். இலவச வாசல் இளையவர்கள், படித்தவர்கள் பக்கம் சாயும். பணம் கேட்காத வாசல் ஏழைக்குத் தோதானது என்ற நம்பிக்கை பாதிதான் சரி. அங்கே நோயைத் தானே இனங்காணும் அறிவு கட்டணமாக வசூலிக்கப்படுகிறது. எந்த வாசலை வைத்தாலும் ஒரு சாய்வு வரும். இரண்டையும் வைத்த நாடே இரு தரப்பையும் எட்டும் என்பது என் கணிப்பு.

8. தொடர்வோரும் பதில் தருவோரும்

ஸ்வீடனின் முதல் சோதனையில் 123 பேரில் 121 பேர் மூன்று மாத முடிவில் பதில் தந்தார்கள். அதே செயலி இலவசமாகத் திறந்துவிடப்பட்ட பின் நடந்ததை ரிக் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2021இல் வெளியிட்டனர். தொடக்க வினாப்பட்டியலுக்குப் பதிலளித்த கசிவுள்ள பெண்கள் 24,602 பேர். மூன்று மாதத்துக்குப் பின் பதிலளித்தவர்கள் 2,672 பேர், அதாவது 11 விழுக்காடு. பதில் தந்தவர்களில் பெரும்பாலோர் முன்னேற்றம் கண்டிருந்தனர்.

மீதி 89 விழுக்காடு எங்கே போயிற்று? சிலர் குணமாகி நிறுத்தியிருப்பார்கள், சிலர் சலித்து விட்டிருப்பார்கள், சிலர் பயிற்சியைத் தொடர்ந்துகொண்டே வினாப்பட்டியலை மட்டும் மூடியிருப்பார்கள். மூவரையும் தரவு ஒரே பெட்டியில் போடுகிறது. பயனர் யார் என்ற ஆய்வுகள் பெரும்பாலும் இந்த இடத்தில் இடறுகின்றன: இறக்கியவர், பயிற்சி செய்தவர், பதில் எழுதியவர் என்ற மூன்று கூட்டங்களுக்கும் ஒரே பெயர் வைத்துவிடுகிறார்கள். நீண்ட வினாப்பட்டியலை இருமுறை நிரப்பும் பொறுமை கல்வியோடும் ஓய்வோடும் சேர்ந்து வருவது. ஆகவே படித்தவர்களே செயலியால் பயன்பெறுகிறார்கள் என்ற முடிவில், படித்தவர்களே பதில் எழுதுகிறார்கள் என்பதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டாத ஆய்வை ஐயத்தோடுதான் படிக்க முடியும்.

9. கைபேசி யாருடையது

தேட் செயலியைப் பயன்படுத்திய பெண்களை உமேயோ குழு நேர்கண்டபோது, யாரையும் சார்ந்திராமல் தாமே சமாளிக்க முடிந்ததை அவர்கள் பெரிதாகச் சொன்னார்கள். அந்தச் சுதந்திரத்துக்கு அடியில் ஒரு முன்நிபந்தனை இருக்கிறது: கைபேசி அவளுடையது, வேறு யாரும் திறக்க மாட்டார்கள். நாளுக்கு மூன்று முறை ஒலிக்கும் நினைவூட்டல், பேரனும் மருமகனும் வாங்கிப் பார்க்கும் கைபேசியில் உதவியாகுமா, காட்டிக்கொடுக்குமா?

ஐரோப்பிய ஆய்வுகள் கேட்கத் தேவைப்படாத இக்கேள்வியை இந்தியாவில் முதலில் கேட்க வேண்டியிருக்கும். 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில், தானே பயன்படுத்தும் கைபேசி உள்ள பெண்கள் 54 விழுக்காடு. எப்போதாவது இணையத்தைப் பயன்படுத்தியவர்கள் பெண்களில் 33 விழுக்காடு, ஆண்களில் 57. தமிழ்நாட்டில் கைபேசி எண்ணிக்கை ஏறத்தாழ முக்கால் பங்கை எட்டுகிறது. இணையம் பயன்படுத்திய பெண்கள் பாதிக்குச் சற்றுக் குறைவு. இங்கே தமிழில் ஒரு சிறுநீர்க் கசிவுச் செயலி வரும் நாளில் அதன் எட்டும் எல்லையைக் கணிக்க எல்லாரும் இந்த எண்களைத்தான் எடுப்பார்கள். அப்போது கவனிக்க வேண்டியது, அந்த ஆய்வு பெண்களிடம் கேள்வி கேட்டது 15 முதல் 49 வயது வரை மட்டுமே. நார்வேயின் வயதுக்கோட்டில் மேடு கட்டும் ஐம்பதும், கசிவு மீண்டும் ஏறும் எழுபதும் அந்தக் கணக்குக்கு வெளியே இருக்கின்றன.